மாப்பிள்ளைக்கு வில்லங்கச் சான்று எங்கே கிடைக்கும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. பட்டுப்புடவையில் ஒரு தாய்லாந்துப் பெண், பக்கத்தில் பட்டு வேட்டியில் நம் ஊர்ப் பையன், பின்னால் கோபுரம். 'கடல் கடந்த காதல்' என்ற வழக்கமான தலைப்பு. மணமகளின் தோழிகள் வாழை இலையில் சாப்பிட்டது வரைக்கும் நிருபர் விடாமல் எழுதியிருக்கிறார். இந்தக் கல்யாணம் எங்கே, எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டதே அதுதான்.

நான் கும்பகோணத்தில் பத்திர எழுத்தர். கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, நடுநடுவே திருமணப் பதிவு. என் அக்கா மகன் பாங்காக்கில் மகேசாக் சாலைப் பக்கம் ஒரு ரத்தினக்கல் வியாபாரியிடம் கணக்குப் பார்க்கிறான். அவன் கட்டிக்கொண்ட பெண் சந்தபுரிக்காரி. சந்தபுரி என்றால் ரத்தினக்கல் சந்தை. வாரக் கடைசியில் மேசை போட்டு உட்கார்ந்து மாணிக்கமும் நீலமும் கை மாறும் ஊர். கல்யாணம் நடந்தது 2024இல். மாமன், போதாக்குறைக்குப் பத்திர எழுத்தர் என்பதால் தாள் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறான யோசனையோடு வருகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த யோசனை இதுதான்: "பெண்ணை அழைத்து வா, உப்பிலியப்பன் கோயிலில் தாலி கட்டு, மறுநாள் ரிஜிஸ்டர் ஆபீசில் பதிந்துவிடலாம்."

இருவரும் உள்ளூர் இந்துக்கள் என்றால் சரி. கோயில் ரசீது, பத்திரிகை, சாட்சிகள், முடிந்தது வேலை. வெளிநாட்டுப் பெண் என்றதும் பேச்சு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போய்விடும். அதில் இரண்டு முப்பது உண்டு. நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால், இருவரில் ஒருவராவது அந்தத் திருமண அலுவலரின் எல்லைக்குள் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். இது முதல் முப்பது. நோட்டீசைப் பலகையில் ஒட்டிவிட்டு, யாராவது ஆட்சேபணை சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். இது அடுத்தது. பையன் ஊரோடு இருப்பவன் என்றால் முதல் முப்பதைப் பற்றிக் கவலையில்லை. நம் பையன்கள் இருப்பது பாங்காக்கில். பதினைந்து நாள் லீவில் வருகிறவன் எந்த ஊரில் 30 நாள் குடியிருந்ததாகச் சொல்வான்? பெண் 30 நாள் இ-விசாவில் வந்திருந்தால் அவள் கதையும் அதுதான். யாராவது ஒருவர் வேலையை விட்டுவிட்டு இரண்டு மாதம் இங்கே உட்கார வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் மணம் முடிக்கவில்லை என்றால் அந்த நோட்டீசும் செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து.

எங்கள் ஊர் வக்கீல் ஒருவர் இதற்குக் குறுக்கு வழி காட்டினார். இந்து திருமணச் சட்டத்தின் 2ஆம் பிரிவைப் பார்த்தால் பௌத்தரும் அந்தச் சட்டத்துக்குள் அடக்கம், பெண் பௌத்தர், ஆகவே இந்து திருமணமாகவே பதியலாம் என்றார். சட்டப் புத்தகத்தில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் இந்தியாவை நிரந்தர இருப்பிடமாகக் கொள்ளாத ஒரு வெளிநாட்டவருக்கு அது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. வாதத்தில் ஜெயித்தால் வக்கீலுக்குப் பெயர். தோற்றால் அந்தப் பெண்ணின் விசா என்ன ஆகும்? அக்கா மகன் கல்யாணத்தை வழக்காக்கிப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

சரி, பதியாமலே திரும்பிப் போனால் என்ன என்று கேட்பார்கள். தாய்லாந்து சிவில் வணிகச் சட்டத்தின் 1457ஆவது பிரிவு பதிவு செய்தால்தான் திருமணம் என்கிறது. அங்கேயும் சடங்குகள் இல்லாமல் இல்லை. பிக்குகள் வந்து ஓதுவார்கள், பெரியவர்கள் சங்கில் நீர் எடுத்து மணமக்கள் கையில் வார்ப்பார்கள், ஊரே சாப்பிடும். அத்தனையும் நடந்தாலும் வட்ட அலுவலகத்துப் பதிவேட்டில் ஏறாதவரை சட்டத்தின் கண்ணில் இருவரும் தனி ஆட்கள். வெளிநாட்டில் நடந்த திருமணத்தை அந்த ஊர்ச் சட்டப்படி செல்லுமென்றால் தாய்லாந்தும் ஏற்றுக்கொள்கிறது. 1459ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. பெண் தன் வட்ட அலுவலகத்தில் 'கோ. ரோ. 22' என்ற குறிப்பில் அதைப் பதிந்துகொள்ளலாம். ஆனால் அதற்குக் காட்ட வேண்டியது இந்திய அரசு அலுவலர் கொடுத்த திருமணச் சான்றிதழ். உப்பிலியப்பன் கோயில் ரசீதை வைத்து அங்கே ஒன்றும் நடக்காது.

ஆகவே என் முடிவு, பதிவைத் தாய்லாந்தில் செய்வதே மேல். அங்கே நோட்டீஸ் காலம் இல்லை. தாள்கள் சரியாக இருந்தால் போன அன்றே பதிவு. கட்டணமும் கிடையாது. நம் தூதரகத்திலேயே மணம் முடிக்க 1969ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதிலும் 30 நாள் காத்திருப்பு உண்டு என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

இதில் எங்களுக்கு இன்னொரு வசதியும் கிடைத்தது. ஆடியில் எதுவும் கூடாது என்று அக்கா. அங்கே மழைக்காலத்தில் பிக்குகள் விகாரையை விட்டு வெளியே தங்காத மூன்று மாதம் உண்டு, அதில் கல்யாணம் வைக்க மாட்டோம் என்று சம்பந்தியம்மா. 2024இல் அது ஜூலைப் பிற்பகுதியில் தொடங்கி அக்டோபர் நடுவரை போயிற்று. இரண்டு பஞ்சாங்கத்தையும் வைத்துக்கொண்டு திண்டாடினோம். பதிவு என்பது சடங்கு இல்லை, ஆபீஸ் வேலை என்று இரண்டு அம்மாக்களையும் தனித்தனியாகச் சம்மதிக்க வைத்து, ஆவணியில் பதிந்துவிட்டோம். சங்கு நீரும் மாலையும் அப்புறம் அவரவர் நாளில் நடந்தன.

இனி, மாப்பிள்ளை அங்கே கொண்டு போக வேண்டிய தாள். பெண்ணுக்கு அடையாள அட்டையும், 'தபியன் பான்' என்கிற நீல அட்டை போட்ட வீட்டுப் பதிவேடும் போதும். மாப்பிள்ளைக்கு பாஸ்போர்ட்டோடு ஒரு பெரிய தாள் வேண்டும்: இவன் மணமாகாதவன், மணந்துகொள்ளத் தடையில்லாதவன் என்று அவன் நாட்டுத் தூதரகம் தரும் கடிதம். தூதரகம் சும்மா எழுதித் தருமா? ஊரிலிருந்து ஆதாரம் கொண்டு வா என்றார்கள்.

இதே கேள்விக்குப் பெண் பக்கத்தில் விடை எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். தாய்லாந்தில் ஆளுக்கொரு 13 இலக்க எண். வட்ட அலுவலகத்தில் அதைத் தட்டினால் மணமானவரா, விவாகரத்தானவரா என்பது திரையில் வந்து நிற்கும். வெளிநாட்டில் மணம் முடிக்கப் போகிறவர் கேட்டால் 'மணமாகாதவர்' என்று அலுவலகமே சான்று எழுதிக் கொடுக்கும். காரணம் எளிது. அங்கே பதிவுதான் கல்யாணம் என்பதால், பதிவேட்டில் பெயர் இல்லை என்றாலே கல்யாணம் இல்லை என்று ஆகிவிடுகிறது.

நம்மிடம் நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். 1975இலிருந்து உள்ள பதிவுகளை வீட்டில் உட்கார்ந்து இணையத்திலேயே பார்க்கலாம். மாப்பிள்ளைக்கு வில்லங்கம் போட வழியில்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும்தான். ஆனால் பதியவில்லை என்பதற்காகத் தாலி கட்டிய கல்யாணம் செல்லாமல் போவதில்லை. எத்தனையோ வீடுகளில் பதியாமலே பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ஆகவே பதிவேட்டில் பெயர் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தாலும், அதிலிருந்து அவன் மணமாகாதவன் என்று யாரும் முடிவு கட்ட முடியாது.

அதற்கு மாற்றாக வருவாய்த் துறையில் 'திருமணமாகாதவர் சான்றிதழ்' என்று ஒன்று இருக்கிறது. பலருக்கு இது இருப்பதே தெரியாது. இ-சேவை மையத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று கேட்பது மாதிரியே கேட்கலாம். கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளரிடம் போகும், வட்டாட்சியர் ஒப்புதலோடு வரும். எங்கள் வி.ஏ.ஓ. அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, "இங்க கல்யாணம் ஆகலை, அது எனக்குத் தெரியும். இத்தனை வருஷமா அங்க இருக்கிற பையன், அங்க ஆகியிருந்தா எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது முழுக்க நியாயம். ஒரு மனிதனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சான்று சொல்ல, அவன் இல்லாத ஊரின் அதிகாரியைத்தான் நாம் கேட்கிறோம். கடைசியில் அக்காவும் அத்தானும் முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்கள். நான்தான் எழுதினேன். பெற்றவர்கள் சத்தியம் செய்ய, அதை நம்பி அதிகாரி சான்று தர, அதை நம்பித் தூதரகம் கடிதம் தர, அதை நம்பித் தாய்லாந்து பதிவு செய்கிறது. இத்தனை முத்திரைக்கும் அடியில் கிடப்பது அக்காவின் ஒரு சத்தியம்தான்.

சான்றிதழ் கணினியில் வந்தது. டிஜிட்டல் கையெழுத்து, கியூஆர் குறியீடு, எல்லாம் சரி. மை கையெழுத்து இல்லை, ரப்பர் முத்திரை இல்லை. அதைக் கொண்டு போன ஒரு மேசையில், இது நகல், அசல் கொண்டு வாருங்கள் என்று திருப்பிவிட்டார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் போய்க் கேட்டால், கணினியில் வந்ததுதான் அசல், வேறு அசல் கிடையாது என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள். மாநில அரசின் சான்றொப்பமும் அதற்கு மேல் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் அந்தத் தாளின் முதுகில் விழுந்த பிறகுதான் அதை அசல் என்று பார்த்தார்கள்.

வெளியுறவு அமைச்சக முத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. சென்னையில் ஓர் ஏஜென்ட் எங்களிடம் அப்போஸ்டில் போட்டால் உலகம் முழுக்கச் செல்லும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டார். அப்போஸ்டில் என்பது ஒரு சர்வதேச உடன்படிக்கையின் கீழ் வரும் முத்திரை. இந்தியா அதில் 2005இலிருந்து இருக்கிறது. அதற்கு அரசு வாங்கும் கட்டணம் தாளுக்கு 50 ரூபாய், சேவை மையத்தின் கூலி தனி. ஆனால் வாங்கும் நாடும் அந்த உடன்படிக்கையில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. நாங்கள் தாள் தயாரித்த சமயத்தில் தாய்லாந்து அதில் இல்லை. அப்படிப்பட்ட நாட்டுக்குச் சாதாரணச் சான்றொப்பம், அதற்கு மேல் அந்த நாட்டுத் தூதரக முத்திரை என்பதுதான் முறை. தாய்லாந்துக்கு சென்னையிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. ஏஜென்டிடம் பணம் கொடுக்கும் முன், எந்த நாட்டுக்கு எந்த முத்திரை என்று அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பாங்காக்கில் நடந்ததைச் சொல்கிறேன். 2024 ஜூலை 15 முதல் இந்தியர்கள் 60 நாள் விசா இல்லாமல் போய்த் தங்கலாம் என்று அந்த நாடு அறிவித்திருந்ததால் அக்கா, அத்தான், நான் மூவரும் போக முடிந்தது. தூதரகக் கடிதம் ஆங்கிலத்தில் வரும். அதைத் தாய் மொழிக்கு மாற்றி, செங் வத்தனா சாலையில் இருக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் தூதரக விவகாரத் துறையில் சான்றொப்பம் வாங்க வேண்டும். மொழிபெயர்த்துத் தரும் ஆட்கள் வாசலிலேயே வந்து பிடித்துக்கொள்கிறார்கள். நம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நாங்கள் நிற்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அங்கே ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

அக்கா மகன் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பாஸ்போர்ட்டில் அதை இசட் எச் போட்டு எழுதியிருக்கிறது. மொழிபெயர்ப்பவர் அதைப் பார்த்து சகரம் மாதிரி ஏதோ எழுத, அவனுடைய பணி அனுமதிச் சீட்டில் ஏற்கனவே வேறு மாதிரி இருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு தாய்ப் பெயர். அப்படியே விட்டிருந்தால் திருமணப் பதிவில் ஒரு பெயர், வேலையில் ஒரு பெயர் என்று ஆகி ஆயுளுக்கும் உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டியிருக்கும். பணி அனுமதிச் சீட்டில் உள்ள எழுத்துப்படியே போடு என்று சொல்லித் திருத்தி வாங்கினோம். அப்புறம் குடும்பப் பெயர். அங்கே 1913இல் சட்டம் போட்டு எல்லோருக்கும் குடும்பப் பெயர் கொடுத்தார்கள், அதனால் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டோம். பதிவு நாளில் அலுவலர் அந்தப் பெண்ணிடம், கணவர் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். எடுத்துக்கொண்டிருந்தால் அத்தானின் பெயர் மருமகள் அடையாள அட்டையில் ஏறியிருக்கும். அத்தான் கொஞ்சம் ஆசையோடுதான் பார்த்தார். 2005இலிருந்து இதில் கட்டாயம் எதுவும் இல்லை, இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். அவள் தன் பெயரிலேயே இருந்துவிட்டாள். அடையாள அட்டை, வீட்டுப் பதிவேடு, பாஸ்போர்ட், பேங்க் எல்லாவற்றையும் மாற்றும் வேலை மிச்சம்.

பதிவு நடந்தது பாங்ராக் வட்ட அலுவலகத்தில். பிப்ரவரி 14 தவிர வேறு எந்த நாளில் வேண்டுமானாலும் அங்கே போங்கள். அன்றைக்கு ஜோடிகள் விடியற்காலையிலேயே வந்து குவிந்துவிடுவார்கள். இரண்டு சாட்சிகள், ஒரு மொழிபெயர்ப்பாளர். முந்தைய திருமணம் உண்டா, குழந்தை உண்டா, சொத்து ஒப்பந்தம் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். கடைசிக் கேள்வியை அசட்டையாக விடக் கூடாது. கணவன் மனைவி சொத்து ஒப்பந்தம் செய்வதாக இருந்தால் அதைத் திருமணப் பதிவோடு சேர்த்தே குறிக்க வேண்டும். பிறகு போய்ச் சேர்த்தால் செல்லாது. எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. சம்பந்தியம்மா நிலம் பற்றிக் கேட்டார். வெளிநாட்டவர் அங்கே நிலம் வாங்க முடியாது. மணமான தாய்லாந்துப் பெண் வாங்கலாம், ஆனால் வாங்கும் பணம் அவளுடைய சொந்தப் பணம் என்று கணவனும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அக்கா மகன் அதற்கும் தயார் என்று தலையாட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பணத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். 'சின்சோட்' என்று பெயர். ரொக்கமும் நகையும் தட்டில் வைத்து எல்லோர் முன்னாலும் எண்ணுவார்கள். கும்பகோணத்தில் மற்ற வீட்டுப் பெண்களிடம் எத்தனை பவுன் என்று கேட்டே பழகிய எங்கள் பக்கத்து உறவினர் சிலருக்கு இதைக் கேட்டதும் பேச்சே வரவில்லை. சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நான் மிகவும் ரசித்தது இதைத்தான்.

பதிவு முடிந்ததும் இரண்டு வகைத் தாள் வரும். 'கோ. ரோ. 3' என்பது பூவேலைக் கரை போட்ட சான்றிதழ், ஆளுக்கு ஒன்று. 'கோ. ரோ. 2' என்பது பதிவேட்டின் பக்கம், பார்க்க அழகில்லாத வெறும் படிவம். எல்லோரும் பூப்போட்டதை மட்டும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். விவரமெல்லாம் இருப்பது இரண்டாம் எண் தாளில்: யார், எந்த நிலையில், என்ன சொல்லிப் பதிந்தார்கள் என்பது. கிரயப் பத்திரத்தில் சொத்து விவரப் பக்கத்தை விட்டுவிட்டு முதல் பக்கத்தை மட்டும் எடுத்து வருகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன். இரண்டையும் ஆங்கிலத்தில் மாற்றி, செங் வத்தனாவில் முத்திரை வாங்கி, நம் தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். தேதிகளைச் சரிபாருங்கள். அங்கே பௌத்த ஆண்டு, நம்முடையதைவிட 543 கூடுதல். 2024 என்பது 2567. கழிக்க மறந்த மொழிபெயர்ப்பு ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். மணமகள் இன்னும் ஐந்நூறு ஆண்டு கழித்துத்தான் பிறக்கப் போகிறாள்.

எதற்கு இவ்வளவு அவசரம், மெதுவாகப் பதிந்துகொண்டால் போகிறது என்று நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

அந்தப் பெண் இந்தியாவில் நிலையாக வந்து போக, தங்க, வெளிநாட்டு இந்தியக் குடிமகள் அட்டை, அதாவது ஓசிஐ அட்டை, வாங்கலாம். தாய்லாந்துக் குடியுரிமையை விட வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலவியிருக்க வேண்டும். குடியுரிமைச் சட்டம் 'பதிவாகி' என்று தெளிவாகச் சொல்கிறது. தாலி கட்டிய நாள் கணக்கில் வராது. பதிவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அட்டையும் ஒரு மாதம் தள்ளிப்போகிறது. அதுவரை கணவன் இந்தியர் என்ற அடிப்படையில் கிடைக்கும் நுழைவு விசாவில்தான் அவள் வர வேண்டும், அதற்கும் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. தாய்லாந்துச் சட்டப்படி பதிவுத் திருமணம் இல்லாமல் பிறக்கும் குழந்தை தாயின் சட்டபூர்வக் குழந்தை மட்டுமே. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கும், ஆனால் சட்டத்தில் அவன் அப்பா இல்லை. பிறகு பெற்றோர் திருமணத்தைப் பதிந்தாலோ, தந்தை தன் குழந்தை என்று முறைப்படி பதிந்தாலோ, நீதிமன்றம் சொன்னாலோதான் அந்த உரிமை வரும். உங்கள் படத்தில் இருக்கும் பையனுக்கு இதை யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. அவன் குடும்பம் இந்தக் கடிதத்தைப் படித்தால், பெண்ணின் வட்ட அலுவலகத்துக்கு இந்த மாதமே போகச் சொல்லுங்கள்.

இரண்டாம் கல்யாணம் செய்கிறவர்கள் கவனிக்க: விவாகரத்தான அல்லது கணவனை இழந்த தாய்லாந்துப் பெண்ணுக்கு, முந்தைய திருமணம் முடிந்து 310 நாள் ஆக வேண்டும். கர்ப்பமில்லை என்ற மருத்துவச் சான்று போன்ற சில விலக்குகள் உண்டு. அப்புறம், 2025 ஜனவரி 23 முதல் அங்கே ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் பதிந்துகொள்ளலாம். நம் நாட்டில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்துவிட்டது. அப்படி ஒரு ஜோடி அங்கே பதிந்து வந்தால் அந்தச் சான்றிதழை இங்கே கணவன் அல்லது மனைவி என்பதற்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. அது நியாயமா என்று கேட்டால் என் பதில் வேறு. தாள் நிலவரம் இதுதான்.

பதிவுத் துறைக்கும் வருவாய்த் துறைக்கும் உங்கள் நாளிதழ் மூலம் இரண்டு கோரிக்கை. வெளிநாட்டவரை மணப்பவருக்கு எந்தச் சட்டம், எத்தனை நாள், என்ன தாள் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு எல்லா சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஒட்டுங்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஜனங்கள் அதைப் படிக்கட்டும். இன்னொன்று, வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு என்று விண்ணப்பிப்பவர்களின் திருமணமாகாதவர் சான்றிதழில் வட்டாட்சியர் மையால் கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தரட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். கணினியில் ஏற்கனவே இருக்கும் சான்றிதழில்தான் கையெழுத்துக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
கும்பகோணம்.
(என் பெயரை வெளியிட வேண்டாம், அக்கா படிப்பாள்.)